பின் சீட்டைக் காணோம் என்ற புகார்

என்னை எல்லோரும் மோட்டார் அக்கா என்று கூப்பிடுவார்கள். வயது நாற்பத்து மூன்று. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்த் தெருவில் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். பதினெட்டு வருடமாகத் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறேன். புகார் கொடுத்தவர் என் அக்காவின் கணவர். நாலு கதவு பிக்கப் வண்டி என் பேரிலும் அவர் பேரிலும் இருக்கிறது. ஓட்டுவது நான், என் பிழைப்பே அதில்தான்.

ஏழு மாதத்துக்கு முன்பு, வண்டியின் திறந்த பின்பக்கத்தில் வைத்திருந்த இரண்டு மோட்டார்கள் மழையில் நனைந்து, உள்ளே சுற்றியிருக்கும் காயில் கம்பி கெட்டுப்போனது. மறுநாள் காலை உள்ளே இருந்த பின் சீட்டை நானே கழற்றினேன். அடியில் நாலு போல்ட்டு, பெல்ட்டுக்கு மூன்று, அரை மணி நேர வேலை. எதையும் வெட்டவில்லை, ஓட்டை போடவில்லை. எதைக் கழற்றினாலும் அடியில் மஞ்சள் பெயிண்டால் எண் எழுதுவது என் வழக்கம், இதிலும் வண்டி எண்ணை எழுதினேன். அதன் பிறகு அந்த இடத்தில் பலகை போட்டு மோட்டார், ஒயர், சாமான் பெட்டி எல்லாம் அடுக்கினேன். அன்றிலிருந்து ஒரு காயில்கூட நனையவில்லை.

அப்போது வந்திருந்த அக்கா, "தூக்கிப் போடாதடி, எனக்குக் குடு, ஹால்ல போட்டுக்கறேன்" என்றாள். கொடுத்தேன். தச்சரை வைத்துக் கட்டைக் கால் பொருத்தி, பூப்போட்ட உறை மாட்டிக்கொண்டாள். மாமாவோ வீட்டில் எது வந்தது, எது போனது என்று விசாரிக்கிற ஆள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா கூட்டாளிகளோடு வெளியூர் போக வந்து, வண்டியின் பின் கதவைத் திறந்தார். ஏழு மாதத்தில் அன்றுதான் திறந்தார். "வண்டியா இது, காயலாங்கடையா? சீட்ட வித்துத் தின்னுட்டியா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். "உங்க வீட்லதான் மாமா இருக்கு" என்றேன். "என் வீட்ல இருக்கறது எனக்குத் தெரியாதா?" என்றார். அக்கா எடுத்துச் சொன்னதற்கும், தங்கச்சிக்குப் பரிந்து பேசாதே என்று வாயை அடைத்தாராம். அதன் பிறகு, வண்டியைத் தன்னிடமே ஒப்படைக்க வேண்டும் என்று புகார் எழுதி இந்தப் போலீஸ் நிலையத்தில் கொடுத்துவிட்டார். வண்டியை நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். நாலு நாளாக எனக்கு வேலை இல்லை. வண்டி போனால் தொழிலும் போச்சு.

இன்று காலை எஸ்.ஐ. அம்மாவோடு அவர் வீட்டுக்குப் போனேன். மாமா ஹாலில் மேற்படி வண்டியின் பின் சீட்டில் அமர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "அப்படி ஒரு சீட் இந்த வீட்ல இருந்தா, வண்டிய அவளே வச்சுக்கட்டும் மேடம். எழுதியே தர்றேன்" என்றார். உட்கார்ந்தபடியே எழுதியும் கொடுத்தார். அதன் பிறகு நான், "மாமா, கொஞ்சம் எந்திரிங்க" என்றேன். எழுந்தார். சீட்டைக் கவிழ்த்து உறையை உருவினேன். மஞ்சள் எழுத்து பளிச்சென்று இருந்தது. எஸ்.ஐ. அம்மா வண்டிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். அக்கா சமையலறை வாசலில் நின்று, "உக்காந்து உக்காந்து பள்ளமே விழுந்துருச்சு மேடம். இதுல உக்காந்ததும் முதுகு வலி போச்சுன்னு சொன்னதும் இவர்தான்" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை நான் மறைக்கவும் இல்லை.

வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன். இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். புகார்தாரர் சோபாவில் அமர்ந்திருந்தார் என்று எழுதியிருந்ததை, மேற்படி வண்டியின் பின் சீட்டில் அமர்ந்திருந்தார் என்று திருத்தச் சொன்னேன். திருத்தினார்கள். இப்போது எல்லாம் உண்மையாக இருப்பதால் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)