மூணு மணி வரைக்கும் வாபஸ்

"ஹலோ… ஹலோ… ஆமா, கார்மேகந்தான். சொல்லுங்க மச்சான்… இல்ல இல்ல, சாப்பாட்டு நேரந்தான், பேசலாம்…"

அபுதாபி, முசஃபா தொழிலாளர் கேம்பின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி நிழலில் குந்தியிருந்த கார்மேகம் சோற்றுப் பொட்டலத்தைத் தள்ளிவைத்தான். காலையிலிருந்து இது மூன்றாவது அழைப்பு. கூப்பிடுவது மனைவி நாகவள்ளியின் அண்ணன் முனியசாமி. தங்கச்சி சட்டமன்ற இடைத்தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறாள். அண்ணனோ எதிர்த்து நிற்கும் ஜெயசீலனின் ஜீப்பில் தொங்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறான். ரத்த பாசம் அவ்வளவுதான்.

"தெரியும் மச்சான், மூணு மணியோட மனு வாபஸ் முடியுது… இங்க ஒன்னே கால். அப்ப அங்க ரெண்டே முக்கா… தாலுகா ஆபீஸ்லதான் நிக்கிறீங்களா? நாகு எங்க?… வெளியவா? அப்ப அவகிட்டயே கேளுங்களேன். கையெழுத்துப் போட வேண்டியவ அவதானே… நான் ஒரு வார்த்தை சொன்னா கேப்பாளா? எப்ப கேட்டிருக்கா மச்சான்?"

எதிர்முனையில் புகழாரம் ஆரம்பித்தது. கார்மேகம் கொஞ்ச நேரம் ம் கொட்டினான்.

"ம்… ம்… யாரு, ஜெயசீலனா? தொழிலதிபர்னா மனுவுல எழுதிக் குடுத்திருக்காரு?… சமூக சேவகர் வேறயா! மச்சான், எங்கிட்டயே சொல்றீங்களே. சூப்பர்வைசர் வேலைன்னு ஒம்போது பேரைப் பிளேன் ஏத்தி, துபாய் அல் கூஸ்ல ஒரு ரூம்ல எறக்கிவிட்டு, போனை ஆஃப் பண்ணிட்டுப் போன ஏஜென்ட் அவரு. நாப்பது நாளு. பக்கத்து ரூம் அஹ்சன் பாய் குடுத்த ரொட்டியிலதான் உசுரோட கெடந்தோம். அதை எந்தப் பக்கத்துல எழுதியிருக்காரு?… பழசா? எனக்குப் பழசு இல்ல."

"…சரி, செத்துப்போன எம்.எல்.ஏ. மகனும் நிக்கிறாரே, அவரை வாபஸ் வாங்கச் சொன்னீங்களா?… மாட்டீங்க. அவங்க அப்பா பேரு இருக்கு. நாகுவுக்கு என்ன இருக்குன்னு கேக்குறீங்க… கட்சி இல்ல, ஆமா. காரு இல்ல, ஆமா, ஆமா. ஏழு வருசம், திங்கக்கிழமை தவறாம கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மனுவோட நின்னா. இன்னைக்கு நம்ம ஊருக் குழாயில தண்ணி வருதா இல்லையா? உங்க வீட்டுல என்ன, வேற தண்ணியா குடிக்கிறீங்க?"

அங்கே குரல் தணிந்தது. முனியசாமி குரலைத் தணித்தால் விஷயம் நல்லதாக இருக்காது.

"…என்ன பேப்பரு?… யாருகிட்ட இருக்கு?…"

கார்மேகத்தின் பழைய வேலை ஒப்பந்தத்தின் நகலை ஜெயசீலன் பத்திரமாக வைத்திருக்கிறானாம். அதில் வேலை 'கிளீனர்' என்று இருக்கிறது. ஆனால் ஆறு வருடமாக ஊருக்கு அவன் சூப்பர்வைசர். இரவல் வாங்கிய வெள்ளை ஹெல்மெட்டோடு எடுத்த போட்டோ வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வேட்புமனு எழுதும்போது, கணவர் தொழில் என்னவென்று போடட்டும் என்று நாகவள்ளி கேட்டாள். சூப்பர்வைசர்னே போடு என்று இவன்தான் சொன்னான். அவள் வாபஸ் வாங்காவிட்டால், பொய்ப் பிரமாணம் என்று மேடை போட்டு அவள் மானத்தை வாங்கிவிடுவார்களாம்.

"மச்சான், அவ என்ன பண்ணுனா? அது நான் சொன்ன… இருங்க. இருங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா?… பொய் சொல்லாதீங்க. அவ இருமுறது எனக்குத் தெரியாதா? நான் பயந்துபோயி வாபஸ் வாங்குன்னு சொல்லணும், அதை அவ காதால கேக்கணும். அதுக்குத்தானே?"

அவன் எழுந்து நின்றான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"நாகு! கேக்குதா?… நான் சூப்பர்வைசர் இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல. கேம்ப்ல கக்கூஸ் கழுவுறேன். ஆறு வருசமா அதான் வேலை. போட்டோவுல இருக்குற தொப்பி இன்னொருத்தனுது. பேரு போச்சுன்னா என் பேரு போகட்டும், நீ கையெழுத்துப் போடாத. கேட்டியா? எவன் சொன்னாலும், நானே சொன்னாலும் போடாத… நாகு?… ஏதாவது பேசு புள்ள…"

"…என்னது?… தெரியுமா? எப்பலேருந்து?… லீவுல வந்தப்பவா?… கையப் பாத்துத்தானா? ஆமா, ஆசிட் பட்டு விரலிடுக்கெல்லாம் வெந்துதான் கெடந்துச்சு… அப்ப ஏன் கேக்கல?… நானா சொல்லட்டும்னா… அடிப்பாவி."

தொட்டியில் கையை ஊன்றிக்கொண்டான்.

"…அப்ப மனுவுல என்ன எழுதுன?… வாசி. சத்தமா வாசி, ஒங்க அண்ணனும் கேக்கட்டும்… 'கணவர் தொழில், துப்புரவுப் பணியாளர், அபுதாபி.'… மச்சான், கேட்டுச்சா? அஞ்சு நாளா அந்த ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காமே. ஜீப்புல போற அத்தனை பேருல ஒருத்தனுமா படிக்கல?"

"…கத்தாதீங்க. அந்தப் பேப்பரைத் தாராளமாக் காட்டச் சொல்லுங்க. மேடையிலயே காட்டட்டும். ஆளை அனுப்புன ஏஜென்ட் யாருன்னு அதுலயே இருக்கு. மத்த எட்டுப் பேரும் நம்ம தொகுதிதான், அவங்க வீட்டுக்கெல்லாம் நானே போன் போட்டுச் சொல்றேன்… சரி, மணி என்ன ஆச்சு மச்சான்?… பாத்துச் சொல்லுங்க… மூணு அஞ்சா?"

எதிர்முனையில் யாரோ நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது. நாகவள்ளி சிரிப்பதும் கேட்டது.

"அப்ப வச்சுருறேன் மச்சான். எனக்கு இன்னும் பதினாறு கக்கூஸ் கழுவக் கெடக்கு."