அறுக்காமல் விட்ட லிவர்

கோயில் தோட்டத்து பிளம் மரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது, சாமி. வரும் வழியில் இரண்டு பறித்துத் தின்றேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பாவத்தைச் சின்னதிலிருந்து தொடங்குவதுதான் எனக்குச் சௌகரியம்.

லாசரின் பழைய ஜீப்பை ஆறு சக்கர வண்டியாக மாற்றியது நான்தான் என்பது மரமுரெஷ் மலை முழுக்கத் தெரியும். மாதா விழாவன்று காலையில் நீங்களே துளசிக் கொத்தால் அதன்மேல் தீர்த்தம் தெளித்தீர்கள். என் சட்டையிலும் நாலு துளி பட்டது. நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அது.

சேற்றில் மரம் இழுக்க நாலு சக்கரம் போதாது. பின்னால் இன்னொரு ஆக்சில் வைக்கலாம், ஆனால் சும்மா உருளும் சக்கரத்தால் என்ன பயன்? அதற்கும் எஞ்சினின் பலம் போக வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுப்பது டிரான்ஸ்ஃபர் பெட்டி. அதன் பின்பக்கம் புதிதாக ஒரு கியரைக் கோத்து, மூன்றாவது ஆக்சிலுக்கு ஷாஃப்ட் எடுப்போம். அந்த இடத்தை ஹேண்ட்பிரேக் டிரம் அடைத்துக்கொண்டிருக்கும். இந்தப் பழைய ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. பெட்டியிலிருந்து வரும் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். டிரம்மைக் கழற்றினால்தான் கியருக்கு இடம். ஆறு சக்கரமும் வேண்டும், ஹேண்ட்பிரேக்கும் வேண்டும் என்றால் நடக்காது.

அதனால் எங்கள் பட்டறைகளில் ஒரு வழக்கம். டிரம்மைக் கழற்றிய அன்று வண்டிக்காரனை வரவழைத்து, அவன் கண் முன்னால் ஹேண்ட்பிரேக் லிவரை அடியோடு அறுப்போம். கதவில் ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் தொங்கவிடுவோம். இனி சரிவில் நிறுத்தினால் டயருக்குப் பின்னால் அந்தக் கட்டைதான். பிறகு ஆளுக்கொரு வாய் பிளம் சாராயம். லிவர் நிற்கிற வண்டியில் பிரேக் உண்டு, லிவர் இல்லாததில் இல்லை. இங்கே குழந்தைக்கும் இது தெரியும்.

லாசரின் லிவரை நான் அறுக்கவில்லை.

கேபிளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஸ்பிரிங்கை மாட்டினேன். இழுத்தால் கைக்குக் கனமாகவே இருந்தது. டக், டக் என்று ஆறு முறை சத்தமும் வந்தது.

வண்டியை எடுக்க வந்த லாசர் அதை இழுத்துப் பார்த்தான். "என்னண்ணே, இத அறுக்கலையா?"

"நிக்குது பாரு."

"ஆறு சக்கரம், பிரேக்கும் சேத்தா? இந்த மலையில ஒருத்தனுக்கும் இல்லையே. உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும், போ."

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. கவனித்திருப்பீர்கள்.

லாசர் கெட்டவனா என்றால், இல்லை. விஷயமே அதுதான். என் மனைவி படுக்கையில் கிடந்த குளிர்காலம் முழுக்க விறகு வெட்டிப் போட்டான். என் வண்டி ஆற்றில் மாட்டியபோது இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுத்தான். கிறிஸ்துமஸுக்குப் பன்றி அடித்தால் ஒரு தொடை என் வாசலில் தொங்கும். பதிலுக்கு ஏதாவது கொண்டுபோனால், "விடுண்ணே, நமக்குள்ள என்ன" என்பான். பதினொரு வருஷம், சாமி. ஒரு மனிதன் எத்தனை முறைதான் நன்றி சொல்லுவான்? எனக்கு வாய் வலித்துவிட்டது.

விழாவன்று மலைமேல் மடத்துக்கு அப்பக் கூடைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். "மொதப் பயணம். கட்டுனவன் பக்கத்துல உக்காரலன்னா எப்படி?" என்று என்னையும் ஏற்றிக்கொண்டான். பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினான். சுருதி சேரவில்லை, ஆனால் கேட்கலாம். செங்குத்தான மூன்றாவது வளைவில் என் தொப்பி ஜன்னல் வழியே போனது.

"தொப்பி போச்சுடா."

"உனக்கு முட்டி வலி, நீ எறங்காத. நான் எடுத்தாரேன்."

எஞ்சின் சூட்டில் இருந்தது, அணைத்தால் மறுபடி கிளம்பாது. அணைக்காமல் கியரை விடுவித்து, லிவரை இழுத்தான். ஆறு டக். காலை வெளியே வைத்தவன் திரும்பி, "கட்டை எதாச்சும் வைக்கணுமாண்ணே?" என்றான்.

"லிவர் இருக்கறவன் கட்டை தேடுவானாடா?"

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

வண்டி உருளவில்லை. பின் சக்கரங்கள் ஒரு மர வேரில் முட்டி நின்றன. அதை நான் எதிர்பார்க்கவில்லை. இன்று நடக்காது போலிருக்கிறது என்று நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு கண்ணாடியில் பார்த்தேன். வண்டிக்கு நேர் பின்னால் நின்று, என் தொப்பியின் மண்ணைத் தட்டி, ஊதி, தன் விழாச் சட்டையின் கையால் துடைத்துக்கொண்டிருந்தான்.

நான் இருக்கையில் முன்னும் பின்னுமாக இரண்டு முறை ஆடினேன். வேர் விட்டுக்கொடுத்தது.

கத்தியிருக்கலாம். ஓட்டுபவன் இருக்கை எனக்கு இடப்பக்கம். கால் பிரேக்கும் என் இடது காலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அழுத்தவும் செய்தேன், பிறகு. தொப்பியைக் காற்று பறிக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொலை என்ற சொல் வேண்டுமென்றால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

பின்னால் நடந்து வந்த யாத்திரைக்காரர்கள் ஓடி வந்து அவனை இழுத்தார்கள். அவன் அவர்களிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "உள்ள அண்ணன் இருக்காரு. அவரப் பாருங்க."

பாருங்கள், அப்போதும் விடவில்லை.

அவன் போய் நேற்று நாற்பதாம் நாள். லாசரின் மனைவி மரிவாரா கோதுமைப் பிரசாதத்தோடு என் தொப்பியையும் கொண்டுவந்தாள், துவைத்து, மடித்து. "எனக்கு ஓட்டத் தெரியாதுண்ணே. வண்டிய நீங்களே வெச்சுக்கோங்க. அவரு இருந்தா இதத்தான் சொல்லுவாரு."

வேண்டாம் என்றேன்.

"நமக்குள்ள என்ன" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேன்.

இன்று காலை முதல் வேலையாகக் கட்டிங் மெஷினை எடுத்து அந்த லிவரை அடியோடு அறுத்தேன். கதவில் கட்டையும் தொங்கவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது இல்லையா? வழக்கத்தை மீறியவன் என்று இனி யாரும் என்னைச் சொல்ல முடியாது, சாமி. வண்டிக்காரன் கண் முன்னால்தான் அறுத்தேன்.