குலுங்காத வண்டி

சின்ன கார் வாங்குகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். அதில் தப்பில்லை. தினமும் காலையில் வாசலுக்கு வந்ததும் கண்ணில் படப்போவது நிறம்தானே. ஆனால் என்னிடம் கேட்டால் மூன்று விஷயம் பார்க்கச் சொல்வேன். குழியில் இறங்கும்போது உள்ளே உட்கார்ந்திருப்பவரை வண்டி என்ன பாடுபடுத்துகிறது, வளைவில் ஓட்டுகிறவனின் கை சொன்னதைக் கேட்கிறதா, வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் இன்னொரு சுற்று போய்வரலாமா என்று தோன்றுகிறதா. மூன்றையும் சேர்த்துத் தருகிற சின்ன வண்டி கிடையாது. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

எண்ணூர் துறைமுகத்தில் எனக்கு வேலை. ஏற்றுமதிக்கு வந்து வரிசையாக நிற்கும் புதுக் கார்களை ஓட்டிக்கொண்டுபோய்க் கப்பலின் வயிற்றுக்குள் நிறுத்த வேண்டும். சீட்டில் பிளாஸ்டிக் உறை இருக்கும், புது ரப்பர் வாசனை அடிக்கும். வேகம் கூடாது. ஒரு சாண் இடைவெளியில் நிறுத்திவிட்டு இறங்கி, வேனில் ஏறித் திரும்பி வந்தால் அடுத்த வண்டி காத்திருக்கும். எத்தனையோ ஆயிரம் கார் ஓட்டியிருக்கிறேன், ஒன்றையும் துறைமுகத்தின் கேட்டுக்கு வெளியே ஓட்டியதில்லை. பந்தியில் பரிமாறுகிறவன் பசியோடு நிற்கிற கதைதான். எனக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை அப்படி வந்தது.

என் மனைவி ஐரீனின் அண்ணன் அம்புரோஸும் அப்போது வண்டி தேடிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து பழைய வண்டிகள் மூன்றை ஓட்டிப் பார்த்தோம். சிவப்பு வண்டியின் எஞ்சினில் குறை சொல்ல முடியாது, ஆனால் கிளட்ச் கனம். லாரி நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றால் இடது கால் செத்துவிடும். வெள்ளை வண்டி மெத்தை. குழி வந்ததையே சொல்லாது. ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கூழைத் துழாவுகிற மாதிரி இருக்கும், கைக்கு ஒன்றும் தெரியாது. நீல வண்டி நேர் எதிர். ஸ்பிரிங் கெட்டி, சக்கரம் பெரிது, உயரம் குறைவு. சாலையில் கிடக்கிற ஒரு தீக்குச்சியைக்கூட அது கைக்குச் சொல்லிவிடும்.

"இன்னா மாப்ள, இதுல குந்திகினு போனா முதுகெலும்ப ஒண்ணொண்ணா எண்ணிக்கலாம் போல கீதே" என்றார் அம்புரோஸ். வெள்ளை வண்டியை அவரை வாங்கச் சொன்னதே நான்தான். குடும்பஸ்தனுக்கு அதுதான் சரி என்றேன். நீலத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

விடியற்காலையில் திருவொற்றியூரிலிருந்து எண்ணூருக்கு வேலைக்குப் போகும் அந்தப் பயணம் இருக்கிறதே, அதற்காகவே நான் எழுந்துகொள்வேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புகைபோக்கிகள். வளைவில் வண்டி என் இடுப்போடு சேர்ந்து திரும்பும். வாழ்க்கையில் நான் சொன்னதை உடனே கேட்டது அது ஒன்றுதான். சிரிக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் முழங்காலில் இருக்கும்போதுகூட வாசலில் அதை நிழலில் நிறுத்தினேனா என்றுதான் நினைப்பு ஓடும்.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து ஐரீன் உண்டானாள். அவள் அழுதாள், நானும் அழுதேன். அது பொய்யில்லை. அவளுடைய அம்மா அடைக்கலமேரி ராயபுரத்திலிருந்து மீன் குழம்போடு வந்தார். வந்தவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"மருமவனே, புள்ளைய வெச்சுகினு போற வண்டியா இது? பின்னாடி ஏறி எறங்கறதுக்குள்ள இடுப்பு கயண்டுடும். புள்ள பொறக்கறதுக்குள்ள இத தள்ளிவுட்டு பெருசா ஒண்ணு பாரு."

"விடும்மா, அவருக்கு அதுன்னா உசுரு" என்றாள் ஐரீன். அன்றைக்கே படுக்கும்போது என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு, "வண்டி எப்ப வேணா வாங்கிக்கலாங்க. இது அப்டியா?" என்றாள். சரி என்றேன். வேறென்ன சொல்வது. வண்டியை வாங்க அம்புரோஸ் யானைக்கவுனியில் ஆள் பிடித்துவிட்டார். ஞானஸ்நானத்துக்கு முந்தின வாரம் வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. பிள்ளையை நினைத்தால் சந்தோஷமாக இருந்தது. வண்டி போவதை நினைத்தால் ராத்திரி தூக்கம் போனது. இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஐந்தாம் மாதம் ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. பயப்பட வேண்டாம், ஆனால் உடம்பு குலுங்கக் கூடாது. மாடி ஏறக் கூடாது. ஆட்டோ கூடவே கூடாது. ரத்தம் பட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வந்துவிட வேண்டும்.

"கார் இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"இருக்கு மேடம்."

"அப்ப கவலையில்ல. மெதுவா கூட்டிட்டு வாங்க."

மறுநாளே அம்புரோஸ் வெள்ளை வண்டியின் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "மாப்ள, செக்கப்புக்கு போறப்போ இத எடுத்துகினு போ. உன்து ஆள குலுக்கி எடுக்குது." பெரிய மனசு அவருக்கு. நான் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழகாத வண்டியில் பிரேக் எங்கே பிடிக்கும் என்று தெரியாது, கர்ப்பிணியை வைத்துக்கொண்டு சோதனை செய்யக் கூடாது, என் வண்டி என் கைக்கு அடக்கம் என்றேன். வண்டி விஷயத்தில் என் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு இல்லை. ஐரீன் மட்டும் ஒருமுறை, "அண்ணன் வண்டிலயே போலாமேங்க" என்றாள். உனக்கு என் வண்டி பிடிக்கவில்லையென்றால் நேராகச் சொல்லிவிடு என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். நான் முகம் வாடினால் அவளால் தாங்க முடியாது. பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி ராயபுரத்தில். அங்கே போக இரண்டு வழி. தேரடி வழியாக மெட்ரோ பாலத்துக்குக் கீழே போனால் சாலை பரவாயில்லை, சிக்னல்தான் ஜாஸ்தி. கடல் ஓரமாக எக்ஸ்பிரஸ் ரோட்டில் போனால் கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட பள்ளங்கள். சிக்னலில் நின்று நின்று போனால் ஐரீனுக்கு மயக்கம் வரும், கடல் காற்று நல்லது என்று நான் எக்ஸ்பிரஸ் ரோட்டில் போனேன். மிகவும் மெதுவாகப் போனேன். பின்னால் வந்த லாரிக்காரர்கள் திட்டினார்கள். தெருவில் எல்லாரும் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். பொண்டாட்டியைப் பூ மாதிரி கூட்டிக்கொண்டு போகிறான் என்று எதிர்வீட்டு ஹில்டா அக்கா என் மாமியாரிடமே சொன்னாராம்.

வண்டி தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். மெத்தை வண்டியில் மெதுவாகப் போனால் சுகம். கெட்டி ஸ்பிரிங் வண்டியில் அப்படி இல்லை. கொஞ்சம் வேகம் இருந்தால் அது பள்ளத்தின் மேலே தாண்டிப் போய்விடும். மெதுவாகப் போனால் ஒவ்வொரு பள்ளத்திலும் முழுசாக இறங்கி, அடியில் மோதி, முழுசாக ஏறும். ஐரீன் இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பல்லைக் கடித்தபடி வருவாள். "தூக்கித் தூக்கிப் போடுதுங்க" என்பாள். இன்னும் மெதுவாகப் போகிறேன் என்பேன். சரி என்று தலையாட்டுவாள்.

ஏழாம் மாதம் செக்கப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் டோல்கேட்டில் குணசேகரனின் பங்சர் கடைக்குப் போய் நான்கு டயருக்கும் நாற்பது காற்று அடிக்கச் சொன்னேன். அவன் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இன்னா சார், நாப்பதா? இந்த வண்டிக்கு முப்பதே ஜாஸ்தி. கல்லு மாறி ஆயிடும் சார். வூட்ல அம்மா வேற முழுகாம கீறாங்க."

"மைலேஜ் வரும்" என்றேன்.

"மைலேஜா" என்று இழுத்தான். பிறகு அடித்தான். கஸ்டமர் சொன்னால் அவன் என்ன செய்வான், பாவம்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஐரீன் என் முழங்கையைப் பிடித்தாள். சத்தம் போடவில்லை. சீட்டைப் பார்த்தேன். அதன் பிறகும் நான் பதற்றப்படாமல் ஓட்டினேன். பதற்றத்தில் வண்டியை இடித்துவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று அவளிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தவர்கள்தான் ஓடினார்கள்.

பெண் குழந்தை. அழவில்லை. ரத்தம் நிற்காததால் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். ஐரீன் பிழைத்தாள். அடைக்கலமேரி ஆஸ்பத்திரி நடையில் தரையில் உட்கார்ந்து, "ஐயோ மாதாவே, ஆறு வருசம் காக்க வெச்சு குடுத்தியே, ஏன் புடுங்கிகினே" என்று மார்பில் அடித்துக்கொண்டார். நான் அவரைத் தூக்கி உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

குழந்தையை ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அம்புரோஸின் வண்டியில்தான் கல்லறைக்குப் போனோம். அவர் ஓட்டினார், கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். நான் பின்சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே எக்ஸ்பிரஸ் ரோடு, அதே பள்ளங்கள். பெட்டி அசையவே இல்லை. மேலே வைத்திருந்த மல்லிகைச் சரம்கூட நழுவவில்லை. நல்ல வண்டி என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது.

நான்கு நாள் கழித்து ஐரீனுக்குப் பேச்சு வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எவ்ளோ மெதுவா ஓட்டினீங்க. என் ராசிதாங்க சரியில்ல" என்றாள். எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் அழுதேன், அதுவும் பொய்யில்லை. யானைக்கவுனிக்காரருக்கு அம்புரோஸே போன் போட்டு வண்டி இல்லை என்று சொல்லிவிட்டார். "மாப்ள மனசு ஒடிஞ்சி போய் கீறாரு. அந்த வண்டியாச்சும் அவர்கிட்ட இருக்கட்டும்" என்று என் காதுபடச் சொன்னார். மாமியாரும் சரி என்றார்.

ஆக யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. டாக்டரம்மா குலுங்கக் கூடாது என்றார், நானும் மெதுவாகத்தான் போனேன். சாலை மோசம், அது என் சாலையா? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை, தெரியாமல் நடந்துபோனது என்று சொல்லிக்கொண்டு பல மாதம் நிம்மதியாகவே இருந்தேன். போன வாரம் மொஹ்சின் வந்து கெடுத்துவிட்டான்.

மொஹ்சின் என்னோடு கப்பலுக்கு வண்டி ஏற்றுகிறவன். சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவைத் திறந்தபடி கேட்டான். "மாமு, உன்கிட்ட கேக்கறதுக்கே சங்கடமா கீது. என் தங்கச்சி ஃபாத்திமாக்கு ஆறாம் மாசம். நஞ்சு கீய எறங்கி கீதாம், குலுங்கக் கூடாதுன்றாங்க. செக்கப்புக்கு இட்டுகினு போணும். தோஸ்துங்க கையில ரெண்டு மூணு வண்டி கீது. எத வாங்கிகினு போறது?"

நான் யோசிக்கவே இல்லை. "அம்புரோஸ் அண்ணன் வண்டியைக் கேட்டு வாங்கித் தரேன், வெள்ளை. காத்து இருபத்தெட்டுக்கு மேல வைக்காத. முன்சீட்டு வேணாம், பின்னாடி உக்காரவெச்சு முதுகுக்குத் தலகாணி குடு. எக்ஸ்பிரஸ் ரோட்டுப் பக்கமே போகாத, தேரடி வழியா போ. என் வண்டிய மட்டும் எடுக்காத" என்றேன். ஒரே மூச்சில் வந்தது.

மொஹ்சின் சோற்றில் கை வைத்தபடி என்னையே பார்த்தான். "இவ்ளோ தெரிஞ்சிகினு..." என்று ஆரம்பித்தான். டப்பாவை மூடிவிட்டு எழுந்துபோனான். அதற்குப் பிறகு வேனில் என் பக்கத்தில் அவன் உட்காருவதில்லை.

அவனுக்குச் சொன்னதில் ஒன்றுகூட நான் பின்னால் கற்றுக்கொண்டதில்லை. டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதே அத்தனையும் எனக்குத் தெரியும். எந்த வண்டி, எந்த சாலை, எவ்வளவு வேகம், எவ்வளவு காற்று, எல்லாவற்றையும் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தேன். மைலேஜ் பார்க்கிறவன் நீல வண்டியை வாங்கியிருக்கவே மாட்டான். அந்தக் குழந்தை பிறந்தால் வண்டி போய்விடும். அதனால் பிறக்கவிடவில்லை. குழந்தையைக் கொன்றது நான்தான். ஐரீனும் செத்திருக்கலாம், அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

வண்டி என்னிடம்தான் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. முந்தாநாள் கோயிலுக்குப் போகும்போது ஒரு பள்ளத்தில் ஐரீன் வயிற்றில் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். திரும்பி வந்ததும் நேராகக் குணசேகரனிடம் போய்க் காற்றை இருபத்தெட்டுக்கு இறக்கினேன். இப்போது அவ்வளவாகக் குலுங்குவதில்லை. அவள் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். ஐரீன் மேல் எனக்கு எப்போதுமே அக்கறை உண்டு.