விசிறிக்கு நீட்டிய கை

இந்த நாற்காலி எனக்கு இன்னும் பழகவில்லை, ஐயா. காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் யாரோ என்னைக் கொடியில் காயப்போட்டது போல இருக்கிறது. தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தால் பேச்சு கோர்வையாக வரும். கூடாது என்றால் சரி, இப்படியே சொல்கிறேன். புது அரசாங்கத்தின் நாற்காலிக்கு என்னால் அவமரியாதை வேண்டாம்.

என் தங்கை சுகாவின் கணவன் இசோகாய் மினோசுகே என் வீட்டில், என் கையால் இறந்தான். இதில் நமக்குள் தகராறு எதுவும் இல்லை. நீங்கள் அதைக் கொலை என்கிறீர்கள். நான் வேறு பெயர் சொல்வேன். ஏன் என்று விளக்கக் கொஞ்சம் குலப்பெருமை பேச வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

ஷிபுயே வீட்டார் நாங்கள் பின்னால் நிற்பவர்கள். எங்கள் பிரபுவின் ஆட்சியில் பெரிய தவறு செய்த சாமுராய், தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டு மானத்தைக் காத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் வயிறு கிழிந்தவன் உடனே சாவதில்லை. அவன் துடித்து அலறிக் கேவலப்படாமல், பின்னால் நிற்பவன் ஒரே வெட்டில் கழுத்தை விடுவிக்க வேண்டும். தாத்தா செய்தார். அப்பா செய்தார். நனைத்துச் சுருட்டிய வைக்கோல் பாய்களை வெட்டி வெட்டி நானும் கற்றேன். என் கை பக்குவப்பட்ட சமயம் பார்த்து பிரபு பதவியை விட்டு டோக்கியோவுக்குப் போய்விட்டார். அந்தத் தண்டனையையும் ஒழித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் வந்து நின்றவனிடம் பெண்ணே பிறக்கவில்லை என்று சொன்னது போல ஆயிற்று. ஊரில் என்னைக் கண்டு பயந்தவை வைக்கோல் பாய்கள் மட்டும்தான்.

மினோசுகேயும் சாமுராய் வீட்டுப் பிள்ளைதான். அவன் அப்பா பிரபுவின் குதிரைப்படையில் இருந்தவர். ஊரிலேயே முதலில் குடுமியை அறுத்தவன் இவன். "தலை லேசாயிடுச்சு மச்சான். உள்ள இருந்ததும் சேந்து போயிடுச்சான்னு சுகா கேக்குறா" என்று சொல்லிச் சிரித்தான். பிறகு கோட்டை அகழியோரம் மாட்டுக்கறிக் கடை போட்டான். மிசோ விழுதும் வெங்காயத்தாளும் சேர்ந்து இரும்புச் சட்டியில் கறி கொதிக்கும் வாசனை, தெருமுனை வரைக்கும் வந்து கையைப் பிடித்து இழுக்கும். நாலுகால் பிராணியைத் தொடாத வம்சம் எங்களுடையது. அதனால் நான் கடைக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன். பின்வாசலில் நின்று சாப்பிடுவேன்.

இந்த வசந்தத்தில் வாளோடு தெருவில் நடக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. இடுப்பில் கனம் இல்லாமல் நான் கொஞ்ச காலம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தேன். மினோசுகே தன் குடும்பக் குறுவாளைக் கொல்லனிடம் கொடுத்துக் கறிக்கத்தியாக அடித்து வாங்கிக்கொண்டான். கடை நிறைய ஆள் இருக்கும்போது அதைத் தூக்கிக் காட்டினான்.

"பாருங்க மச்சான். எங்கப்பா இடுப்புல காலம் பூரா தூங்குன இரும்பு. இப்பத்தான் ஒழுங்கா வேலைக்குப் போகுது."

"அது உங்கப்பாவோட ஆன்மா, மாப்பிள்ளை."

"அப்படியா? அப்ப அவருக்கும் இந்நேரம் கறி ருசி தெரிஞ்சிருக்கும்."

கடையே சிரித்தது. அவன் குரலைத் தாழ்த்தி, அன்பாகத்தான் சொன்னான். "நீங்களும் வந்துடுங்க மச்சான். மூட்டுல ஒரே வெட்டா வெட்ட இங்க ஒருத்தனுக்கும் கை வரல. உங்க கை சும்மா கெடந்து துருப்பிடிக்குது. இனிமே முன்வாசல் வழியா வந்து, உக்காந்து சாப்பிடுங்க."

காதில் விழுந்தவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். நான் பின்வாசலில் சாப்பிடுவது ஊருக்கே தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தில் காரியம் செய்வது சாமானியர் வழக்கம். வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தேன். மினோசுகே நல்லவன். அவனுடைய மானம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது, அவனுக்கு அது தெரியவில்லை. தீப்பிடித்த வீட்டில் தூங்குகிறவனிடம் எழுப்பட்டுமா என்று அனுமதி கேட்க முடியுமா? முழுதும் கடைக்காரனாகிவிடும் முன் ஒரு சாமுராயாக அவனை அனுப்பிவைப்பதுதான் உறவினன் செய்யக்கூடிய உதவி. எனக்குத் தெரிந்த வேலையும் அது ஒன்றுதான். இரண்டும் இப்படிப் பொருந்தியது தற்செயல்.

அவனாக வயிற்றைக் கிழித்துக்கொள்ள மாட்டான். அதற்கும் எங்கள் வழக்கத்தில் வழி இருக்கிறது. நீண்ட காலம் சண்டையே இல்லாமல் இருந்ததில், கத்தியைக் கண்டால் கை நடுங்கும் பெரிய மனிதர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்குத் தட்டில் குறுவாளுக்குப் பதிலாக ஒரு விசிறியை வைப்பார்கள். அதை எடுக்கக் கை நீட்டினால் போதும், கிழித்துக்கொண்டதாகவே கொள்ளப்படும். அந்தக் கணத்தில் பின்னால் நிற்பவன் வெட்டிவிடுவான். கை நீட்டியதே சம்மதம். உங்களுக்கு விருப்பம்தானா என்று யாரும் விசாரிப்பதில்லை.

கோடை உச்சத்தில் ஒரு மதியம் மினோசுகேயை வரச்சொன்னேன். அறையில் புதுப் பாய் விரித்தேன். காற்று வராமல் கதவுகளைச் சாத்தினேன். தேநீருக்காகக் கரியடுப்பையும் அங்கேயே மூட்டினேன். தண்ணீர் சமையலறையிலும் கொதிக்குமே என்று நீங்கள் கேட்கலாம். கொதிக்கும்தான்.

மூங்கில் பட்டையில் கட்டிய கறிப் பொட்டலத்தோடு வந்தான். "என்ன மச்சான், புதுப் பாயெல்லாம் போட்டிருக்கீங்க? பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்களா?"

"உக்காரு மாப்பிள்ளை."

"யப்பா, இது வீடா, என் கறிச்சட்டியா? சரி, கடைக்கு வர்றேன்னு சொல்லத்தானே கூப்பிட்டீங்க? சுகாகிட்ட அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன். சந்தோஷத்துல அழுதுட்டா."

"சொல்றேன். மொதல்ல டீயைக் குடி."

கதவைப் பார்ப்பதுபோல் எழுந்து, வாளைச் சாத்தி வைத்திருந்த இடத்துக்கு, அவன் பின்னால் போனேன். அவனுக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்த தட்டில் விசிறி இருந்தது. சும்மா எட்டாது, கழுத்தை நீட்டினால்தான் எட்டும். அது அப்பா சொல்லித்தந்த தூரம். அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இதை எடுத்துக்கட்டுமா மச்சான்?" என்று கேட்டான்.

"எடுத்துக்கோ" என்றேன்.

கவனியுங்கள் ஐயா, கேட்டுத்தான் எடுத்தான். வழக்கம் கோருவதற்கு மேலேயே நாங்கள் மரியாதையாக நடந்துகொண்டோம்.

வைக்கோல் பாய் அசையாது. உயிருள்ள மனிதன் அசைவான் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் வெட்டு தோளில் இறங்கியது. அவன் திரும்பி, "மச்சான்?" என்றான். எனக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று கவலைப்படுகிற குரல். அதன் பிறகு நான் செய்ததை வெட்டு என்று அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். அவன் கடையில் எந்த மாட்டுக்கும் அப்படி நேர்ந்திருக்காது. நல்லவேளை, நான் அந்த வேலையை ஏற்கவில்லை. மூட்டு மூட்டாகக் கெடுத்து அவனுக்கு நஷ்டம் உண்டாக்கியிருப்பேன்.

அடுத்து நான் என் வயிற்றைக் கிழித்துக்கொள்வதுதான் முறை. மேலாடையைத் தளர்த்திக்கொண்டு மண்டியிட்டேன். குறுவாளின் முனையை வயிற்றில் வைத்தேன். சில்லென்று இருந்தது. அப்போது ஒரு சிக்கல் புலப்பட்டது. எனக்குப் பின்னால் நிற்க ஆளில்லை. அந்த வேலை கற்றவன் ஊரில் நான் ஒருவன்தான். முறைதவறிச் சாவது குலத்துக்கு இழுக்கு. ஆகவே முறையை மதித்து உயிரோடு இருந்தேன்.

அடுப்பில் கரி கனன்றுகொண்டிருந்தது. கறிப் பொட்டலம் நனையாமல் ஓரமாகக் கிடந்தது. அந்த வெயிலில் வைத்திருந்தால் கெட்டுவிடும். அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சமைத்துச் சாப்பிட்டேன். நல்ல கறி.

வெயில் தாழ்ந்ததும் சுகா வந்து கதவுக்கு வெளியே நின்றாள். "அண்ணா, அவர் இங்கயா இருக்கார்? கடையில ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"வந்தான். அப்பவே கெளம்பிட்டானே."

"கடைக்கு வர்றேன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நெஜமாவா? அதான் உள்ள கறி வாசனை வருதா? பெரிய மனுஷர், வெளியில தெரியாம விருந்து சாப்பிடுறீங்க!" சிரித்துக்கொண்டே, கணவனைத் தேடி அகழிப் பக்கம் போனாள்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. சாகிற அளவுக்கு மினோசுகே எந்தத் தப்பும் செய்யவில்லை. விசிறியை வைத்தவன் நான், அறையைச் சூடாக்கியவன் நான், வெட்டியவன் நான். கடமை என்பதால் அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் தங்கையிடம் இரண்டு பொய் சொல்லிவிட்டேன். ஷிபுயே குலத்தில் எனக்கு முன் யாரும் பொய் சொன்னதில்லை. அந்தக் குற்றத்துக்கு நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறேன்.