பத்து மாத்திரை அட்டை

செவ்வாய், பகல் 11.40. கட்டில் அதிர்கிறது. இரும்புக்கால் தரையில் இடிக்கிறது. டக். டக். டக். குளிர் நடுக்கம், என் உடம்பில். ஈரோட்டில் ஒரு மருத்துவமனை, ஆண்கள் வார்டு. டைபாய்டு. காய்ச்சல் 104. ஊசி தொடங்கி ஐந்தாம் நாள். இறங்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் வார்டு. அங்கே என் மனைவி சரசு. அதே காய்ச்சல், அதே ஊசி. இருவர் கையிலும் குளுக்கோஸ் குழாய். எழ முடியாது. அவ்வப்போது அவள் சுவரைத் தட்டுகிறாள். வளையல் ஒலி. நான் டம்ளரால் பதில் தட்டுகிறேன்.

சென்னிமலையில் பெட்ஷீட் நெய்யும் தறிக்கூடத்தில் இருவருக்கும் வேலை. காய்ச்சல் முதலில் எனக்குத்தான் வந்தது. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக், பத்து மாத்திரை அட்டை ஒன்று வாங்கினேன். மருத்துவர் சீட்டு இல்லை. யாரும் கேட்கவில்லை. ஆறு போட்டேன். காய்ச்சல் விட்டது. தறிக்குத் திரும்பினேன். மீதி நான்கு அலமாரியில். இரண்டு வாரத்தில் சரசு படுத்தாள். அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"கட்டிக்கிட்ட நாள்ல இருந்து உங்க மிச்சந்தானுங்க எனக்கு." சிரித்தாள்.

அவளுக்கும் விட்டது. பிறகு ஒரே வாரத்தில் இருவருக்கும் திரும்பி வந்தது.

12.15. ரத்தப் பரிசோதனை முடிவு வருகிறது. காகிதத்தில் மருந்துப் பெயர்கள் வரிசையாக. பெரும்பாலானவற்றின் எதிரே ஒரே குறி: இந்தக் கிருமியிடம் பலிக்காது. ஐந்து நாளாக ஏறிய ஊசியும் அதில் இருக்கிறது. கிருமி எங்கே மருந்துக்குப் பழகியது என்று தெரியாது என்றார் மருத்துவர். பாதியில் நிறுத்துவது அதற்கு வசதி என்றார். இன்றே வேறு மருந்து. இருவருக்கும்.

1.05. சுவரில் ஒலி இல்லை. தட்டுகிறேன். பதில் இல்லை. மறுபடி தட்டுகிறேன்.

1.10. அந்தப் பக்கம் செவிலியின் குரல். "டாக்டரைக் கூப்புடுங்க! வயிறு கல்லாட்டம் இருக்குதுங்க!"

ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிரீச்சிடுகிறது. என் கதவைக் கடக்கிறது. குழாயைப் பிடுங்கினேன்.

"ஏனுங்க, எந்திரிக்காதீங்க! உழுந்துருவீங்க!" பக்கத்துக் கட்டில்காரர் கத்தினார்.

விழுந்தேன்.

சரசுவுக்குக் குடலில் ஓட்டை விழுந்திருந்தது. அறுவை செய்தார்கள். புது மருந்து எனக்கு நான்காம் நாள் கேட்டது. அவளுக்கு அத்தனை நாள் இல்லை. வியாழன், காலை 9.20.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். மனைவி, ஒருத்தி. வயது முப்பத்திரண்டு. அறுவைக்கு முன் கழற்றிய கண்ணாடி வளையல், ஏழு. அலமாரியில் மாத்திரை அட்டை, ஒன்று. குழிகள் பத்து. காலி எட்டு. சரசுவும் காய்ச்சல் விட்டதும் நிறுத்தியிருக்கிறாள். மீதி இரண்டோடு அட்டையைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாள். அடுத்துப் படுப்பவருக்கு ஆகும் என்று.