சூட்டில் இறக்கிய காற்று

காரவன் வைத்திருப்பவர்கள் வாரம் தவறாமல் அதன் ஜன்னலைத் துடைப்பார்கள். டயரை மட்டும் குனிந்து பார்க்க மாட்டார்கள். கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, பேரப்பிள்ளைகளின் படங்கள் என்று ஒரு குடித்தனத்தையே காரின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஆஸ்திரேலியா முழுக்கச் சுற்றுவார்கள். அத்தனை பாரமும் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்ற யோசனை ஒருநாளும் வராது. இந்த ஜனங்களோடுதான் நான் ஓய்வுக்காலத்தைக் கழித்தேன். என் பொறுமையை நீங்கள் பாராட்டத்தான் வேண்டும்.

என் பெயர் கிளைவ் ஹன்னஃபோர்ட். மர்ரே பிரிட்ஜில் உயர்நிலைப் பள்ளித் துணைத் தலைமையாசிரியராக இருந்தவன். எங்கள் காரவன் சங்கத்துக்குத் தலைவர். நானாகத்தான் இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். நோஸ்க்கி தம்பதியின் காரவன் நல்லார்பர் சாலையில் கவிழ்ந்ததை நீங்கள் விபத்து என்று எழுதி மூடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது.

வருடாந்தரக் கூட்டத்தில் நான் டயரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். காரவன் டயர் தேய்ந்து சாவதில்லை, சூடேறித்தான் சாகிறது. காற்றைக் காலையில், வண்டி கிளம்பும் முன் பாருங்கள். ஓட ஓட டயர் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும், காற்றை அளக்கும் கருவி அதிகமாகத்தான் காட்டும். அது இயற்கை, அதில் கை வைக்காதீர்கள். பயந்துபோய் இறக்கினால் டயர் தொய்யும், தொய்ந்தால் மடங்கும், மடங்கினால் இன்னும் சூடாகும், கடைசியில் அடுக்கடுக்காக உரிந்து வெடிக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற விஷயம். நம் ஆட்களோ கேக் எப்போது வரும் என்று சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முன்வரிசையில் லொரெல் நோஸ்க்கி ஒருத்திதான் என் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். சந்தேகம்கூடக் கேட்பாள், நல்ல சந்தேகங்கள்.

அவளுடைய புருஷன் டாரில். தனுண்டாவில் பேக்கரி வைத்திருந்து விற்றவன். சேர்ந்த முதல் மாதமே எனக்கு வாத்தியார் என்று பெயர் வைத்தான், சங்கம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. நான் காரவனுக்குச் சொன்னது பக்கவாட்டுச் சுவர் தடித்த, பாரம் தாங்கும் டயர். அவன் போட்டது காரில் இருக்கிற அதே மெல்லிய டயர். ஒரு மாற்றுச் சக்கரம் இரண்டுக்கும் பொருந்துமாம். அதுதான் அவனுடைய தத்துவம் முழுவதும்.

"வாத்தியாரே, நீங்க டயரைப் படிச்சீங்க, நான் ஓட்டினேன். முப்பது வருஷம் ரொட்டி வண்டி. டயர்கிட்டப் போய்ப் பாடம் நடத்துனா அது கேக்குமா?" என்பான், எல்லோரும் பீர் குடித்துக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து. விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அடுத்த மாதமே நாலு பேர் அவன் டயருக்கு மாறினார்கள்.

போன வருடம் புரூம் வரை போனோம். அவனுடைய டயரில் ஒரு ஆணிகூட ஏறவில்லை. வழியில் வெடித்தது என்னுடையது. யாருக்கும் நேரக்கூடிய தற்செயல், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் டாரில் அந்தக் கிழிந்த டயரை எனக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்திருக்கிறான். கிறிஸ்துமஸ் விருந்தில் அதற்கு வெள்ளையடித்து, மண் போட்டு, ஜெரேனியம் பூச்செடி நட்டு, மேடைக்குக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தான். "கடைசியில உங்க டயரும் உருப்படியா ஒரு வேலை செய்யுது வாத்தியாரே." கைதட்டல் ஓயவே இல்லை. நானும் சிரித்தேன். அவனை அன்றைக்கு வெறுத்த மாதிரி வாழ்க்கையில் நான் யாரையும் வெறுத்ததில்லை.

இந்த அக்டோபரில் ஆறு வண்டிகளாகப் பெர்த்துக்குக் கிளம்பினோம். சிடூனா தாண்டியதும் வெயில் கொளுத்தியது. டாரில் புதிதாக ஒரு கருவி வாங்கி மாட்டியிருந்தான். டயரில் காற்று கூடினாலும் குறைந்தாலும் காருக்குள் இருக்கும் சின்னப் பெட்டி கத்தும். நண்ட்ரூவில் பெட்ரோல் போட நிறுத்தியபோது என்னிடம் வந்தான்.

"வாத்தியாரே, இந்தச் சனியன் வழி பூரா கத்திக்கிட்டே வருது. காத்து ஏறிப்போச்சுங்குது. என்ன பண்ணலாம்?"

டயரைப் பற்றி அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அதற்காக எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்பது அவன் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"எறக்கி விடு," என்றேன். "சத்தம் நிக்கிற வரைக்கும் எறக்கு."

அவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டி போட்டான். உஸ்ஸென்று காற்று போகிற சத்தம் கேட்டு லொரெல் காபிக் கோப்பையோடு வந்தாள்.

"கிளைவ், சூடா இருக்கும்போது கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது நான் போடுற டயருக்கு, லொரெல். இது வேற ரகம்."

"அப்படியா? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு தோணிச்சு."

"ஏய், தலைவரே சொல்லிட்டாரு, நீ என்ன குறுக்கே?" என்றான் டாரில், கீழேயிருந்து.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

தொய்ந்த டயர் இன்னும் சூடேறும், சூடேறினால் கருவி மறுபடி கத்தும். யலாட்டா தாண்டிக் கத்தியது. அவன் ஓரங்கட்டி மறுபடி இறக்கினான். வண்டிக்கு வண்டி பேசிக்கொள்கிற ரேடியோவில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வாத்தியார் வைத்தியம் பிரமாதம், பெட்டி வாயை மூடிருச்சு," என்றான். அவன் என்னைப் பாராட்டியது அது ஒருமுறைதான். நேர்மையாகச் சொல்வதென்றால், எனக்கு அது பிடித்திருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் வண்டியை லொரெல் ஓட்டுவாள், டாரில் பக்கத்தில் குறட்டை விடுவான். அவர்கள் வழக்கம் அது. சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எப்போதும் முன்னால் போகிற நான் அன்று மற்றவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டுக் கடைசியாக வந்தேன். எனக்கு முன்னால் நோஸ்க்கியின் காரவன்.

வலப்பக்கம் பின் சக்கரம் சப்பையாகிக்கொண்டு வந்தது நன்றாகத் தெரிந்தது. ரப்பர் கருகுகிற வாசனை கண்ணாடி ஏற்றியிருந்தும் உள்ளே வந்தது. கடைசியில் போகிறவன் முன்னால் இருக்கிற சக்கரங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏதாவது தெரிந்தால் உடனே ரேடியோவில் சொல்ல வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான்தான். ரேடியோவில் யாரோ ராத்திரி சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "எலுமிச்சைக் கேக் எங்கிட்ட இருக்கு, யாரும் காசு குடுத்து வாங்காதீங்க," என்றது லொரெலின் குரல். மைக் என் கையில் இருந்தது. நான் வேகத்தைக் குறைத்து இடைவெளியை அதிகமாக்கிக்கொண்டேன். டயர் சிதறினால் துண்டுகள் பின்னால் வருகிறவன் கண்ணாடியில்தான் அடிக்கும்.

எதிரே மூன்று பெட்டிகளைக் கோத்து இழுத்துக்கொண்டு லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. நேரான சாலை. வெகுதூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முதலில் அந்த டயர் வெடித்தது, மொத்தப் பாரமும் பக்கத்து டயர்மேல் விழுந்து அதுவும் வெடித்தது. காரவன் இடமும் வலமுமாக ஆடிக் காரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு லாரிக்குக் குறுக்கே போனது. மற்றது உங்கள் படங்களில் இருக்கிறது. லொரெல் அங்கேயே இறந்தாள். டாரிலுக்கு இடது கால் போனது.

அவள் சாக வேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. வண்டி ஓரமாக நிற்கும், அந்த வெயிலில் டாரில் ஜாக்கியோடு முட்டி போடுவான், நான் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கி ஒரே ஒரு வாக்கியம் சொல்வேன் என்று நினைத்தேன். நல்ல வாக்கியம் ஒன்று தயாராக வைத்திருந்தேன். சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை.

உங்கள் நிபுணர் டயரில் குறையில்லை என்று எழுதியிருக்கிறாராம். காற்று சரியாக இருந்திருந்தால் பெர்த் போய்த் திரும்பியிருக்குமாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் நான் வந்தது அதற்காக இல்லை.

டாரில் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்வரை தள்ளிவைத்திருந்த அடக்கம் நேற்று தனுண்டாவில் நடந்தது. தேவாலயக் கூடத்தில் டாரில் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"மனசுல வச்சுக்காதீங்க வாத்தியாரே. நீங்க தெரியாமத்தானே சொன்னீங்க. எறக்கச் சொன்னது நீங்கன்னாலும், எறக்கினது என் கைதான். நாம ரெண்டு பேருமே கத்துக்குட்டிங்க."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒரு கிழவி என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அடுத்த வருடக் கூட்டத்துக்கு டயர் விவரம் தெரிந்த யாரையாவது வெளியிலிருந்து அழைக்கலாம் என்று செயலாளர் மெதுவாக, என் மனம் நோகாதபடி சொன்னார். டாரில் என்னை மன்னித்துவிட்டானாம். ரொட்டி சுட்டவன் என்னை மன்னிக்கிறான்.

ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. லொரெலை நினைத்து அல்ல, உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். கத்துக்குட்டி என்ற சொல்தான்.

ஆகவே இதைப் பதிவு செய்யுங்கள். நான் தெரியாமல் சொல்லவில்லை. சூட்டில் காற்றை இறக்கினால் என்ன ஆகும் என்று அந்த ஆறு வண்டிகளில் சரியாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி லொரெல், நான் சொன்னேன் என்பதற்காகத் தனக்குத் தெரிந்ததை விட்டுக்கொடுத்தாள். இன்னொருவன் நான். எழுத்துப் பிழையில்லாமல் எழுதுங்கள், கையெழுத்துப் போடும் முன் நான் படித்துப் பார்ப்பேன்.