இறங்கக் கூடாத படி

— மரியாதை செத்துப்போச்சு டேல். கேட்டுல நிக்கிற அந்த ஆளு, டிக்கெட்டைக் கிழிச்ச கையோட மறுபடி “டிக்கெட் எங்க”ங்கிறான். காட்டுனேன். திரும்பவும் கேக்கிறான். இராக்குல இருந்து வந்தவன்னா திருட்டுப்பயன்னு நெனப்பா?

— விடுங்க பெரியவரே, ஆட்டத்தப் பாருங்க. உங்க பேரன் சர்மத் அங்க நிக்கிறான், ஐம்பத்திரண்டாம் நம்பர் சட்டை. வெள்ளிக்கிழமைன்னா டெக்சாஸ்காரனுக்கு இதுதான் சர்ச்.

— என்ன சர்ச்சோ. ஃபுட்பால்ங்கிறீங்க, காலால ஒருத்தனும் தொடக் காணோம். கெடா மாதிரி தலையால முட்டிக்கிறானுங்க.

— அதுக்குத்தானே ஹெல்மெட்டு.

— ஹெல்மெட்டு மண்டைக்கு வெளியதானய்யா இருக்கு.

— ஹா! நல்லாப் பேசுறீங்க. அங்க பாருங்க, சர்மத் பாயுறான்! புடி, விடாத… அம்மாடி, என்ன இடி!

— யாரு விழுந்து கெடக்கறது? டேல், யாரு அது?

— பொறுங்க.

— சர்மத்தா? ஏன் எல்லாப் பயலும் மண்டி போடுறான்? செத்துட்டானா?

— ச்சே. எவனுக்காச்சும் அடிபட்டா ரெண்டு டீமும் மண்டி போடும். அது மரியாதை. உக்காருங்க.

— தள்ளு. நான் கீழ போறேன்.

— போகக் கூடாது பெரியவரே. கோச் கையாட்டிக் கூப்பிட்டாத்தான் வீட்டாளுங்க இறங்கலாம். நீங்களா ஓடுனா பையனைத்தான் வருஷம் பூரா கிண்டல் பண்ணுவானுங்க.

— இவன் அப்பன் மொசூல்ல குண்டுபட்டு விழுந்தான். தூக்க ஓடுனவங்கள்ல பாதிப் பேருக்கு அவன் பேர்கூடத் தெரியாது. எவனும் கூப்பிடணும்னு காத்திருக்கல.

— எந்திரிச்சிட்டான்! பாத்தீங்களா? தட்டுங்க, கை தட்டுங்க!

— எதுக்குத் தட்டணும்?

— எந்திரிச்சதுக்கு.

— எந்திரிச்சு எங்கய்யா போறான்? நம்ம பெஞ்சு இந்தப் பக்கம்ல இருக்கு?

— கொஞ்சம் கிறுகிறுப்பு. கோச் திருப்பிக் கூட்டிட்டு வராரு பாருங்க. தண்ணி குடிச்சா சரியாயிரும், மறுபடி ஆட இறங்கிருவான்.

— எதிராளி பெஞ்சுல உக்காரப் போனான், சிரிக்கிறீங்க எல்லாரும். இவனை மறுபடி இறக்குவானுங்களா?

— இன்னிக்குத் தோத்தா இந்த வருஷம் அவ்வளவுதான். ஊரே கடையச் சாத்திட்டு வந்திருக்கு. நீங்க வேலை பாக்குற கறி ஆலையில பக்கத்துல நின்னு வெட்டுறவன்கூட உங்க பேரைக் கேட்டதில்ல. இப்ப உங்க வாசல்ல சர்மத் பேர் போட்ட பலகைய நட்டு வச்சிருக்காங்களே, யாரால?

— அந்தப் பலகைக்குப் பேரன் மண்டைதான் கூலியா?

— நானும் இதே எடத்துலதான் உக்காந்திருந்தேன் பெரியவரே. என் மகன் வேட், அதே ஐம்பத்திரண்டு, அங்கதான் கெடந்தான். நான் இறங்கல. எந்திரிச்சான், தட்டுனேன். மறுபடி ஆடப் போனான், இன்னும் பலமாத் தட்டுனேன்.

— இப்ப அவன் எங்க?

— அங்க பாருங்க, சர்மத் தண்ணி குடிக்கிறான்.

— கேக்கிறேன்ல. எங்க?

— கோச்சை நம்புங்க. டாக்டரும் கூட நிக்கிறாரு. விவரம் தெரிஞ்சவங்க.

— எவன் விவரமும் எனக்கு வேணாம். காலை மடக்கு, வழிய விடு. பேரனைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போறேன். ஊரு சிரிக்கட்டும். பலகையப் புடுங்கி அடுப்புல வைக்கட்டும்.

— பெரியவரே… ஒரு நிமிஷம். கீழ இறங்கணும்னா அந்த கேட்டைத் தாண்டித்தான் போகணும். அவன் மறுபடி டிக்கெட் கேப்பான். திட்டாம இன்னொரு தரம் காட்டிருங்க. அவன்தான் வேட்.